நெற்கலமும் கடற்கலமும்: அண்மைக்கால உலக வரலாற்று நூல்களில் காவிரிப் படுகை

ஆய்வுச் சுருக்கம்

அண்மைக் காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த உலக வரலாற்று நூல்கள் சிலவற்றில் தஞ்சையும் காவிரிப் படுகையும் குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றன. வில்லியம் டால்ரிம்பிள், அனிருத் கனிசெட்டி, சுனில் அம்ரித் ஆகிய மூவரின் நூல்கள் இங்கு மதிப்பிடப்படுகின்றன. இந்நூல்கள் படுகையைக் கடல்வழி உறவுகளின் வாயிலாகவே பெரிதும் காண்கின்றன. அவ்வுறவுகளைத் தாங்கிய நெல் விளைச்சல், அளவை முறை, உழைப்பு ஆகியவை பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. ஆனைமங்கலச் செப்பேடு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு நோக்கும்போது வயலும் கடலும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள் என்பது புலனாகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: உலக வரலாறு, காவிரிப் படுகை, சோழர் கல்வெட்டுகள், ஆனைமங்கலம், வங்கக்கடல், புலப்பெயர்வு, நெல்.

முன்னுரை

‘கலம்’ என்னும் சொல் தமிழில் கடலோடும் மரக்கலத்தைக் குறிக்கும். பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவையையும் குறிக்கும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடல் நடுவே பல கலங்களைச் செலுத்தியதைப் பேசுகிறது. அம்மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் பிற கல்வெட்டுகள் ஊர் ஊராக வர வேண்டிய நெல்லைக் கலக் கணக்கில் பட்டியலிடுகின்றன. ஒரே கோயிலின் சுவர்களில் காணப்படும் இவ்விருவகைச் செய்திகளில் உலக வரலாற்று ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது பெரும்பாலும் முதல்வகையே.

கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவை உலக வரலாற்றில் மீண்டும் நிலைநிறுத்த முயலும் நூல்கள் பல வெளிவந்துள்ளன. அவை பொதுவாசகரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றுள்ளன. கல்லூரி வகுப்பறைகளிலும் மேற்கோள் நூல்களாக இடம்பெறத் தொடங்கியுள்ளன. எனவே அவற்றின் சான்றடிப்படையைப் படுகையின் மூல ஆவணங்களோடு வைத்து ஆராய்வது தேவையாகிறது.

பொற்சாலையும் தஞ்சைச் சுவரும்

வில்லியம் டால்ரிம்பிளின் ‘தி கோல்டன் ரோட்’ 2024இல் வெளிவந்தது. கி.மு. 250 முதல் கி.பி. 1200 வரையிலான காலத்தில் இந்தியாவின் சமயம், கலை, கணிதம் ஆகியவை ஆசியாவெங்கும் பரவிய வரலாற்றை இந்நூல் விவரிக்கிறது. பட்டுப்பாதை என்னும் கருத்தாக்கம் சீனத்தை நடுவில் வைத்து இந்தியாவின் பங்கை மறைத்துவிட்டது என்பது ஆசிரியரின் முதன்மையான வாதம். அதற்கு மாற்றாகப் பருவக்காற்றின் துணையால் இயங்கிய கடல்வழியை அவர் பொற்சாலை என்கிறார். இந்தியப் பண்பாட்டின் செல்வாக்கு நிலவிய பரப்பை ‘இந்தோஸ்பியர்’ என்னும் சொல்லால் சுட்டுகிறார். உரோமானிய வணிகம், பௌத்தத் துறவிகளின் பயணம், அங்கோர், போரோபுதூர், பாக்தாதுக்குச் சென்ற இந்திய எண்கள் எனப் பரந்துபட்ட செய்திகளை ஒரே ஓட்டத்தில் இணைக்கும் ஆற்றல் இந்நூலின் சிறப்பு.

இப்பரவல் படைபலத்தால் நிகழவில்லை, கருத்துகளின் ஈர்ப்பால் நிகழ்ந்தது என்பது நூலின் பொதுக்கூற்று. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு இக்கூற்றுக்குள் எளிதில் அடங்காதது. அதனை விதிவிலக்கு என ஒதுக்கினால், வணிகமும் படையும் ஒன்றையொன்று சார்ந்திருந்த நிலையை விளக்க இயலாது போகும். விதியின் ஒரு பகுதியாகக் கொண்டாலோ கருத்துகளின் பேரரசு என்னும் படிமம் தளர்ந்துவிடும். ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் வெளியிட்ட நூலில் ஈழத்தின்மீதும் ஸ்ரீவிசயத்தின்மீதும் சோழர் தொடுத்த போர்களை அவர்தம் அரசமைப்பின் உள்தேவைகளோடு இணைத்து ஆராய்ந்துள்ளார். அந்த விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

மேலும் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஸ்ரீவிசயம் என்பது ஓர் அரசின் பெயர் என்பதை 1918இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ். அதற்குமுன் அப்பேரரசு உலக வரலாற்றின் பார்வையில் இல்லை. அவர் சேர்த்துப் பார்த்த சான்றுகளில் சோழர் ஆவணங்களும் அடங்கும். தென்கிழக்காசிய வரலாற்றின் ஒரு பெரும் பகுதி மீட்கப்பட்டதற்குக் காவிரிக் கரையின் எழுத்துச் சான்றுகள் துணைநின்றுள்ளன. பொற்சாலையின் வரலாற்றில் படுகைக்குரிய இடம், கடந்து செல்லும் துறைமுகம் என்ற அளவில் நிற்பதன்று. அவ்வரலாற்றுக்கே சான்று தந்த ஆவணக் களம் என்ற இடமும் அதற்கு உண்டு.

வணிகர் கலமும் கோயில் நெல்லும்

அனிருத் கனிசெட்டியின் ‘லார்ட்ஸ் ஆஃப் எர்த் அண்ட் சீ’ 2025இல் வெளிவந்தது. சோழப் பேரரசைப் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்ட இந்நூல், மன்னர் வரிசையாக மட்டும் வரலாற்றைச் சொல்லும் மரபிலிருந்து விலகுகிறது. செம்பியன் மாதேவியின் கோயிற் பணிகளுக்கும், ஆடவல்லான் வடிவம் சோழர் அடையாளமாக உயர்ந்ததில் அவருக்கிருந்த பங்குக்கும் உரிய இடம் தரப்பட்டுள்ளது. அரசியர், வணிகர், உழுகுடியினர், கோயிற் பெண்டிர் ஆகியோர் கதைமாந்தராக வருகின்றனர். கல்வெட்டுகளைப் பொதுவாசகரின் கைக்கு எட்டச் செய்த வகையில் இந்நூலின் பணி பாராட்டத்தக்கது.

சோழர்க்கெனத் தனித்த நிலையான கடற்படை இருந்ததற்குப் போதிய சான்றில்லை என்பதும், கடல்கடந்த படையெடுப்பு தமிழ் வணிகர்களின் கலங்களைச் சார்ந்தே நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதும் கனிசெட்டியின் கருத்துகளுள் மிகவும் விவாதிக்கப்பட்டவை. இக்கருத்துக்கு வலுவுண்டு. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிக்கிறது. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினருடையது. அரசர் படை செல்வதற்கு முன்னரும் சென்று திரும்பிய பின்னரும் அக்கரைகளில் தமிழ் வணிகர் செயற்பட்டுள்ளனர். எனினும் சான்றின்மையை மட்டும் கொண்டு முடிவுகட்டுவதில் எச்சரிக்கை தேவை. கோயிற் கல்வெட்டுகள் கொடைகளைப் பதிவு செய்யும் நோக்கில் எழுந்தவை. படை நிருவாகம் அவற்றில் இடம்பெறாமை வியப்பன்று.

ஆயினும் கலங்கள் யாருடையவை என்ற வினாவோடு, அவற்றை இயக்கிய வளம் எங்கிருந்து திரண்டது என்ற வினாவும் இணைய வேண்டும். வளத்தைப் பற்றிய பேச்சு வரும்போது நெல்லின் அளவு இன்றியமையாததாகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆண்டுதோறும் 5,000 டன் அரிசி வந்ததாகக் கனிசெட்டி பொதுவாசகருக்கு எழுதிய கட்டுரையொன்றில் குறிப்பிடுகிறார். கோயிலின் பேரளவை உணர்த்த இத்தகைய எண் உதவும். ஆனால் ஆய்வாளர் அதனை அப்படியே எடுத்தாள இயலாது.

கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் ஆண்டு வருவாயை ஏறத்தாழ 1,16,000 கலம் நெல் என நீலகண்ட சாஸ்திரி தம் ‘சோழர்’ வரலாற்று நூலில் கணித்துள்ளார். கல்வெட்டுகள் சுட்டுவது நெல்லையே, அரிசியை அன்று. கலம் முகத்தலளவையே, எடையன்று. அந்நெல் இராசகேசரி மரக்காலுக்கு ஒப்பான ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்றே கல்வெட்டுகள் விதிக்கின்றன. 5,000 டன் என்பதை இக்கலத் தொகையால் வகுத்தால் ஒரு கலம் 43 கிலோவுக்குச் சமமாகும். பிற்காலப் படுகை வழக்கில் இரண்டு கலம் நெல் ஒரு மூட்டை. மூட்டையின் எடை ஏறத்தாழ 57 முதல் 60 கிலோ. அதன்படி கணக்கிட்டால் 3,300 முதல் 3,500 டன் நெல்லே கிடைக்கும். சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ஐந்துக்கு இரண்டு என்னும் அளவையில் அதனை அரிசியாக்கினால் 46,400 கலமாகக் குறையும். சோழர் கால மரக்காலின் கொள்ளளவு பிற்கால அளவோடு ஒத்திருந்தது என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இங்குத் தரப்பட்ட எண்களும் முடிந்த முடிபல்ல. மரக்காலின் பெயரைக்கூடக் குறிக்கும் அளவுக்கு நுணுக்கமான ஓர் ஆவணத்தை டன் கணக்குக்கு மாற்றும்போது, மாற்றிய முறையையும் வாசகர்க்குக் கூறுதல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

ஆனைமங்கலம்: ஓர் ஊரின் நெல்லும் ஓர் அரசின் உறவும்

வயலையும் கடலையும் இணைக்கும் சான்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததால் லெய்டன் செப்பேடு எனவும் இது வழங்கும். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுக்கப்பட்ட பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்த செய்தியை இது பதிவு செய்கிறது. ஊரின் நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. ஆண்டுக்குரிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மிகுதி. வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் என்னும் இவ்விகிதம், பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோழமண்டலத்து ஊர்களுக்குக் காணப்படும் வேலிக்கு நூறு கலம் என்ற அளவை ஒட்டியே அமைகிறது.

ஓர் அயலக அரசின் சமய நிறுவனம் தமிழ்க் கடற்கரையில் நிலைபெற வேண்டுமாயின், அதனைத் தாங்க ஒரு நெல்விளை ஊர் வேண்டியிருந்தது. சோழமண்டலமும் ஸ்ரீவிசயமும் கொண்டிருந்த உறவு ஓலையிலும் தூதிலும் மட்டும் நிகழவில்லை. பிடியானை சூழ்ந்து எல்லை வகுத்து, வாய்க்கால்களையும் அண்டை ஊர்களையும் பெயர் சொல்லிக் குறித்த நிலத்திலும் அது நிகழ்ந்தது. சீனத்துச் சோங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுகள் சென்ற காலமும் இதனை ஒட்டியதே.

தந்தையின் கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தவன் இராசேந்திரன். 1025இல் கடாரத்தின்மீது படை செலுத்தியவனும் அவனே. பின்னர்க் கடாரத்து அரசனின் தூதுவர் வேண்டுகோளுக்கிணங்க முதலாம் குலோத்துங்கன் 1090இல் அவ்விகாரத்துக்குரிய உரிமைகளை மீண்டும் உறுதிசெய்தான். கொடை, போர், மீண்டும் கொடை என நீண்ட இவ்வுறவைக் கருத்துகளின் பரவல் எனவோ கடற்பேரரசின் வெற்றி எனவோ ஒற்றைச் சொல்லில் அடக்க இயலாது.

கணக்கில் வராத சேரிகள்

நெல்லின் அளவை ஆராய்வதோடு நின்றால் பாதி வரலாறே கிடைக்கும். பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் பட்டியல், வரிக்குரிய நிலத்தைக் கணக்கிடுமுன் வரிக்குட்படாத பகுதிகளை நீக்குகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் அங்கு வருகின்றன. உழைப்போர் குடியிருப்புகள் அந்த ஆவணத்தில் இடம்பெறுவது கணக்கிலிருந்து கழிக்கப்படும் நிலமாகத்தான். தீண்டாச்சேரி என்னும் சொல் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிருவாக ஆவணத்தில் வழங்கியிருப்பது சமூக வரலாற்றுக்கு மிக இன்றியமையாத செய்தி.

நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளைத் தொகைநிலையில் ஆராய்ந்து நிலவுடைமை மாற்றங்களையும் ஊர், நாடு ஆகிய அமைப்புகளையும் விளக்கியுள்ளனர். சுப்பராயலுவின் சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வு 1973இலும், கராசிமாவின் கட்டுரைத் தொகுதி 1984இலும் வெளிவந்தன. அவர்கள் உருவாக்கிய அடித்தளத்தின்மீதுதான் இன்றைய பொதுவாசக நூல்கள் நிற்கின்றன. ஆனால் அவ்வாய்வுகளின் மையமான வினா, அதாவது நிலத்தை உடையவர் யார், உழுதவர் யார் என்பது, கதைப்போக்கு விரையும் நூல்களில் பின்தள்ளப்படுகிறது.

வங்கக்கடலைக் கடந்தோர்

உழுதவர் யார் என்ற வினா கடல்வரலாற்றுக்குள் நேரடியாக நுழைவது நவீன காலத்தில்தான். சுனில் அம்ரித்தின் ‘கிராசிங் தி பே ஆஃப் பெங்கால்’ 2013இல் வெளிவந்தது. 1840 முதல் 1940 வரையிலான நூற்றாண்டில் ஏறத்தாழ 2.8 கோடிப் பயணங்கள் வங்கக்கடலின் இரு திசைகளிலும் நிகழ்ந்தன என அவர் மதிப்பிடுகிறார். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள், பர்மாவின் வயல்களும் ஆலைகளும் எனத் தமிழர் சென்ற இடங்களை ஒரே நீர்ப்பரப்பின் வரலாறாக அவர் எழுதிக் காட்டினார். நாகூர் தர்காவின் நினைவு சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வழிபாட்டிடங்களாக எழுந்ததை அவர் எடுத்துக்காட்டும் பகுதி, படுகையின் கடற்கரையை ஆசிய வரலாற்றோடு இயல்பாக இணைக்கிறது. பருவமழையையும் அணைகளையும் ஆராயும் ‘அன்ரூலி வாட்டர்ஸ்’ 2018இலும், உலகச் சூழலியல் வரலாறாகிய ‘தி பர்னிங் எர்த்’ 2024இலும் தொடர்ந்து வந்தன. இம்மூவரில் இயற்கையையும் உழைப்பையும் ஒருங்கே நோக்குபவர் அம்ரித்தே.

அவருடைய வரைபடம் பரந்தது. கடன், பஞ்சம், கங்காணி முறை ஆகிய காரணங்களை அவர் கூறினாலும், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் நிலைமைகளுக்கு அவ்வரைபடத்தில் இடம் குறைவு. காவிரிப் படுகை வானம் பார்த்த பூமியன்று. ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையையும் கீழணையையும் அமைத்த பின் பாசனம் மேலும் உறுதிப்பட்டது. நீர்வளம் மிக்க நிலத்திலிருந்து மக்கள் கடல் கடந்ததற்கு மழைப்பொய்ப்பு மட்டும் விளக்கமாகாது. நிலமற்ற பண்ணையாள் நிலையே இங்கு முதன்மையான காரணமாகக் கருதத்தக்கது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையுரிமைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. ஆயினும் கடனாலும் குடியிருப்பு மனையாலும் உழைப்போர் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தனர். நாகப்பட்டினத்துக் கப்பல் அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு அப்பிணைப்பிலிருந்து விலகும் வழியாயிற்று; அது கொண்டு சேர்த்த இடத்தில் வேறொரு பிணைப்பு காத்திருந்தது. 1938இல் மலாயாவுக்கான தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு தடைசெய்தபோது அவ்வழியும் அடைபட்டது.

படுகையில் எஞ்சியோரின் வரலாற்றைக் கேத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்திலும் 1976இலும் ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். அவருடைய நூல்கள் 1981, 1989 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்குப் பின்னரும் நெற்கூலி உயர்வைக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நியாயக் கூலிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குச் சேர வேண்டிய நெல் மரக்காலின் பெயரோடு வரையறுக்கப்பட்ட நாட்டில், உழைத்தவர்க்குச் சேர வேண்டிய நெல்லின் அளவு இருபதாம் நூற்றாண்டிலும் உயிரைப் பறிக்கும் வழக்காக இருந்தது. உலக வரலாற்று நூல்கள் சோழர் காலத்துக்கும் குடியேற்றக் காலத்துக்கும் இடையே தாவும்போது விடுபடுவது இத்தொடர்ச்சியே. ஆயிரம் ஆண்டுகளும் ஒரே நிலைமை நீடித்தது என்பது இதன் பொருளன்று. நிலவுடைமை பலமுறை மாறியுள்ளது. அம்மாற்றங்களை ஆராய்வதற்கேனும் வயல் வரலாற்றின் நடுவில் வைக்கப்பட வேண்டும்.

மதிப்பீடு

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. இராசேந்திரனின் கடற்பயணத்தின் ஆயிரமாவது ஆண்டு 2025 சூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒன்றிய அரசின் விழாவாகக் கொண்டாடப்பட்டது. பிரதமர் அதில் பங்கேற்றார். 2023இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்ட செங்கோல், படுகையின் திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடையது. மாநில, ஒன்றிய அரசியல் இரண்டுமே சோழர் பெயரைத் தத்தம் பெருமிதத்துக்கு எடுத்தாளுகின்றன. இச்சூழலில் சோழர் கடற்படை இருந்ததா என்ற வினாவுக்கு ஆம், இல்லை எனத் தரப்படும் விடைகள் உடனே அரசியல் நிலைப்பாடுகளாக வாசிக்கப்படுகின்றன. கனிசெட்டியின் நூல் பெற்ற எதிர்வினைகளிலும் இப்போக்கைக் காணலாம். சான்றின் தன்மையை விளக்குவதே இதற்கு ஆய்வுலகம் அளிக்கத்தக்க மறுமொழி.

குறை ஆங்கில நூலாசிரியர்களிடம் மட்டும் இல்லை. படுகையின் கல்வெட்டுகளை மூலமொழியில் படிக்கவல்லோர் தமிழ்நாட்டில் உள்ளனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பெரிய கோயிலிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. எனினும் மூல ஆவணத்திலிருந்து தொடங்கி உலக வரலாற்றை நோக்கி விரியும் நூல்கள் தமிழில் அரிதாகவே எழுகின்றன. தமிழில் வரும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு கோயில், ஒரு மன்னர், ஒரு கல்வெட்டுத் தொகுதி என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. அதனால் தரவு ஒரு மொழியிலும் அதன் பொருள்விளக்கம் மற்றொரு மொழியிலும் தங்கிவிடுகின்றன. அளவைகளின் கொள்ளளவு, ஊர்வாரி நெல்வருவாய், சேரிகளின் அமைவிடம் ஆகியவற்றை ஒருங்கே ஆராயும் பணி தமிழ் ஆய்வாளர்க்குரியது. அது நிறைவேறினால் உலக வரலாற்று நூல்களின் எண்களும் முடிவுகளும் திருத்தம் பெறும்.

முடிவுரை

டால்ரிம்பிளின் நூல் பரப்பாலும், கனிசெட்டியின் நூல் துணிவான வினாக்களாலும், அம்ரித்தின் நூல்கள் மனிதரையும் நீரையும் இணைத்த பார்வையாலும் சிறக்கின்றன. காவிரிப் படுகையை உலகின் பொது வரலாற்றில் வாசகர் கண்முன் நிறுத்திய பெருமை மூவர்க்கும் உரியது. எனினும் கடலுக்குச் சென்ற கலத்தைப் போலவே களத்தில் அளக்கப்பட்ட கலமும் வரலாற்றுச் சான்று என்பது இந்நூல்களில் முழுமையாக உணரப்படவில்லை. ஆனைமங்கலத்தின் 8,943 கலம் நெல்லையும் அதனை விளைவித்தும் பெயர் பெறாத மக்களையும் சேர்த்து எழுதும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும்.